சவர் தட்டும் முன்பே தொடங்கும் சேதம்: மட்டக்களப்பு, அம்பாறை நன்னீர்களில் ஏறும் உப்பு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் ஒரு கிணறு கெட்டுவிட்டதை ஊர் அறிவது நாக்கால்தான். தேத்தண்ணியில் சுவை மாறும், சவர்க்காரம் நுரைக்க மறுக்கும். அதன்பிறகுதான் ‘தண்ணி சவராப் போச்சு’ என்று பேச்சு எழும், குடத்தோடு அடுத்த வளவுக்கு நடப்பார்கள். மனிதருக்கு இது போதும். அதே நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கு இது மிகப் பிந்திய செய்தி. நாக்குக்கு உப்புத் தெரிகிற அளவுக்கு நீர் மாறும்போது, அவற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே ஒழிந்துபோயிருக்கும்.

குடிநீரில் ஒரு லீற்றருக்குச் சுமார் 250 மில்லிகிராம் குளோரைட்டு (உப்பின் ஒரு கூறு) இருந்தால் நாக்கு அதை உணரத் தொடங்கும். குடிநீர்த் தரங்கள் பலவற்றில் அந்த எண் இருப்பது சுவையைக் கருதித்தான். நீர்வாழ் உயிர்களுக்காகக் கனடா வகுத்துள்ள நீண்டகால எல்லையோ 120 மில்லிகிராம், நாக்கு உணரும் அளவில் பாதிக்கும் குறைவு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைட்டு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், குளோரைட்டே இல்லாத நூற்றைம்பது வாளி நன்னீரில் ஒரு வாளி கடல்நீர் விழுந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிற எவரும் ‘நல்ல தண்ணி’ என்றுதான் சொல்வார்.

இந்த எல்லைகள்கூடப் போதுமானவை அல்ல என்பது 2022இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. அமெரிக்கா, கனடா, சுவீடன், ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளில் 16 இடங்களில் ஏரிநீரைத் தொட்டிகளில் எடுத்து, படிப்படியாக உப்பைக் கூட்டிப் பார்த்தார்கள். அரசுகள் ‘பாதுகாப்பானது’ என்று வகுத்த அளவுகளிலேயே முக்கால்வாசி இடங்களில் விலங்குப் பிளாந்தன்கள் (நீர்த்தெள்ளு போன்ற, நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்கள்) பெருமளவில் குறைந்துபோயின. ஏறக்குறைய பாதி இடங்களில் அதன் தொடர்ச்சியாக நீர்ப்பாசியான அல்கா பெருகியது. அவை வெப்பவலயத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் ஏரிகள். நம் குளத்து நீர்த்தெள்ளு வேறு இனம், நம் நீரின் வெப்பமும் கனிமமும் வேறு. ஆகவே அந்த எண்களை அப்படியே உன்னிச்சைக் குளத்துக்கோ சேனாநாயக்க சமுத்திரத்துக்கோ பொருத்திவிட முடியாது. எது முதலில் விழுகிறது, அதன்பின் எது பெருகுகிறது என்ற வரிசையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நீர்த்தெள்ளு என்பது குண்டூசித் தலையளவுள்ள ஒரு சிறு ஓட்டுயிர். குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், விட்டுவிட்டுத் துள்ளும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். நீரில் மிதக்கும் பச்சை அல்காவை வடித்து உண்பதே அதன் வேலை. மீன்குஞ்சுகள் வாய் திறக்கும் முதல் நாட்களில் தேடும் இரையும் பெரும்பாலும் இந்த அளவுள்ள உயிர்கள்தான். நீர்த்தெள்ளு போனால் மேலே குஞ்சுக்கு இரையில்லை, கீழே அல்காவை உண்ண ஆளில்லை. பச்சைப் படலம் தடிக்கும்போது நாம் வயல் உரத்தைக் குறை சொல்வோம். உரத்துக்கும் பங்குண்டு. ஆனால் அதே அளவு உரம் வந்தும் முன்பு பச்சை பிடிக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம், அதை உண்டு தீர்த்த இந்தக் கூட்டம்.

உப்பு ஓர் உயிரை எப்படிக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நன்னீர் மீனின் இரத்தத்தில் லீற்றருக்கு ஒன்பது, பத்துக் கிராம் அளவில் உப்பு உண்டு. சுற்றியுள்ள குளத்து நீரிலோ அரைக் கிராமும் இருக்காது. பாடசாலையில் படித்த பிரசாரணம் இங்கே இரவு பகலாக நடக்கிறது: செறிவு குறைந்த வெளியிலிருந்து நீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும், உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். புகுந்த நீரைச் சிறுநீரகம் ஓயாமல் இறைத்து வெளியேற்றுகிறது. கசிந்த உப்பைப் பூவில் (செவுளில்) உள்ள தனிக் கலங்கள் சுற்றுநீரிலிருந்து துளித்துளியாக மீட்டு உள்ளே இழுக்கின்றன. இது முழுக்கச் சக்தி செலவாகும் வேலை. வெளியே உப்பு ஏற ஏற இந்த ஒழுங்கு குலைகிறது. இரத்தத்தின் அளவை வெளிநீர் தாண்டிவிட்டால் எல்லாமே தலைகீழாகி, உடலிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கும். கொடுவாவும் மணலையும் அந்த நிலையில் எந்திரத்தைத் திருப்பி ஓட்டத் தெரிந்தவை, கடலுக்கும் களப்புக்கும் போய்வருபவை. கெண்டை இனங்களுக்கும் விராலுக்கும் அந்தத் திறமை இல்லை. இரத்தத்தின் அளவை நெருங்கும்போதே அவற்றுள் பெரும்பாலானவை தாக்குப்பிடிக்க மாட்டா.

இது வளர்ந்த மீனின் கதை. முட்டையும் குஞ்சும் அதைவிடக் குறைந்த உப்பிலேயே விழுந்துவிடும், ஏனெனில் உப்பை ஒழுங்குசெய்யும் பூ அவற்றுக்கு இன்னும் முழுமையாக உருவாகியிருக்காது. கருக்கட்டல் நடக்கும் இடத்திலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. கெண்டைக் குடும்பத்து ஆண் மீனின் விந்தணுக்கள் உடலுக்குள் அசையாமல் கிடக்கும். நன்னீரில் வந்து விழும்போது உப்புச் செறிவு திடீரென்று குறைகிறதே, அந்த அதிர்ச்சிதான் அவற்றை நீந்தவைக்கிறது. நீரிலேயே உப்பு ஏறியிருந்தால் அந்த முடுக்கம் குறைந்துபோகும். மீன்கள் உயிரோடிருக்கும், முட்டையும் இடும், ஆனால் குஞ்சு பொரிப்பது குறைந்துகொண்டே வரும்.

அதனால் ‘மீன் இன்னும் படுகிறதுதானே’ என்ற ஆறுதலை நான் நம்புவதில்லை. வலையில் படுவது முந்திய ஆண்டுகளின் மீன். இந்த ஆண்டுக் குஞ்சு வரவில்லை என்பது இரண்டு மூன்று போகம் கழித்துத்தான் சந்தைக் கூடையில் தெரியும். அப்போது காரணம் தேடுகிறவர்கள் வலைக்கண்ணைத்தான் பார்ப்பார்கள்.

தவளைகளுக்கு இது இன்னும் கடினம். தோலாலேயே நீரை உறிஞ்சும் உயிர்கள் அவை. முதல் மாரி மழையில் வட்டை எனப்படும் வயல்வெளிக்குள்ளும் வில்லு எனப்படும் பள்ளங்களிலும் தேங்கும் ஆழமற்ற நீரில்தான் முட்டையிடும். கோடையில் வற்றிய பள்ளத்தின் அடியில் படிந்த உப்பெல்லாம் அந்த முதல் நீரில்தான் கரைகிறது. மழை தொடர்ந்து பெய்து கழுவிவிட்டால் பிழைத்தது, ஒரு மழையோடு வானம் வெளித்தால் முட்டைக் கூழ் அந்தச் சவர் நீரில் கிடக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது மட்டக்களப்பு வாவியில் எப்போதும் உப்பு இருந்ததே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள்: பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, பெரிய கல்லாற்றில் ஒன்று. வடகீழ் பருவக்காற்று மழையில் ஆறுகளும் வாய்க்கால்களும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து நீரைக் கொட்டும்போது வாவி நன்னீராகும். மழை ஓய்ந்து கச்சான் வீசும் மாதங்களில் வாய்கள் மணலால் அடைபடும், வெயில் நீரை இழுக்கும், உப்புத் தேறும். இடத்துக்கிடமும் வேறுபாடுண்டு: நகரை அண்டிய பகுதி கடலோடு நெருக்கம், பாசன வடிகால் வந்து சேரும் தெற்கு முனையில் நன்னீர்க் குணம் கூடுதல். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் வாவியின் இறாலும் நண்டும் வாழ்கின்றன. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு களப்பில் வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகும். நன்னீரில் வாழும் பெரிய ஆற்று இறாலோ தன் குடம்பிகளை உவர்நீரில்தான் வளர்க்க முடியும், முட்டை சுமந்த பெட்டை கீழே இறங்கி வரும். விலாங்கு முட்டையிடவே கடலுக்குப் போகிறது. உப்பு உள்ளே வரவே கூடாதென்று எல்லா வாயையும் அடைத்துவிட்டால் இவற்றின் வழி மூடிப்போகும்.

எனவே உப்பை எதிரியாக நிறுத்துவது சரியல்ல. உப்பு இதுவரை போகாத இடத்துக்குப் போவதும், போன இடத்தில் பருவம் கடந்தும் தங்குவதும், வாரக்கணக்கில் மெல்ல ஏறவேண்டியது ஒரே இரவில் ஏறுவதும்தான் கேடு. மெல்ல ஏறினால் பல உயிர்கள் ஓரளவு பழகிக்கொள்ளும், அல்லது மேலேறித் தப்பும். ஒரே இரவில் ஏறினால் இரண்டுக்கும் நேரமில்லை.

முகத்துவாரம் வெட்டுவது இங்கேதான் வருகிறது. மாரியில் வெள்ளம் ஏறி வட்டைகள் மூழ்கும்போது, மணல் திட்டை இயந்திரம் கொண்டு வெட்டிவிடும்படி விவசாயிகள் கேட்பார்கள். நெற்கதிர் நீருக்குள் கிடக்கும்போது அந்தக் கோரிக்கையில் ஒரு பிழையும் இல்லை. மீனவர் கணக்கு வேறு: வாய் எப்போது திறக்கிறது, நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்து அவர்களின் இறால் பருவம் அமையும். இரண்டு தரப்பும் நீர்மட்டத்தைப் பற்றியே பேசுகின்றன. வெள்ளம் வடிந்தபிறகு வெட்டின வாய் எவ்வளவு நாள் திறந்து கிடக்கிறது, மழை குறைந்தபின் அதன் வழியே உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பது பேச்சில் வருவதே அரிது. மாரி முன்கூட்டியே ஓய்ந்துவிடும் ஆண்டில், ஆழமாக வெட்டிய வாய் சிறுபோகத்துக்கு நீர் இறைக்கும் ஓடைகளுக்குள் கடலைக் கொண்டுவந்து விட்டுவிடும். கல்முனை, சாய்ந்தமருது தோணாக்களிலும் (கடலோடு சேரும் சிறு நீரோடைகள்) சிறிய அளவில் இதுவே நடக்கிறது. அடைபட்டிருக்கும்போது கழிவு தேங்குகிறது, திறந்தால் வெள்ளம் வடிகிறது, அதே வாயால் அலைநீர் ஏறுகிறது.

உள்ளே வந்த கடல்நீர் எங்கே போகிறது? கனமானது என்பதால் அடியில் ஊர்ந்து போகும், ஓர் ஆப்பு நுழைவதுபோல. மேலே கையால் அள்ளிப் பார்த்தால் நன்னீராகவே இருக்கும். இரண்டு அடுக்கும் கலக்காதிருக்கும்வரை மேலிருந்து காற்று அடிக்கு இறங்காது. உப்புநீரில் ஒட்சிசன் கரைவதே குறைவு: 30 பாகை செல்சியசில் நன்னீரில் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் அளவில் கரையக்கூடியது, கடல்நீரில் ஆறேகால் அளவுதான். அடியில் மக்கும் இலையும் கழிவும் அந்தக் கொஞ்சத்தையும் தீர்த்துவிடும். கடல்நீரோடு சல்பேற்று தாராளமாக வந்து சேரும். ஒட்சிசன் இல்லாத சேற்றில் பற்றீரியாக்கள் அந்தச் சல்பேற்றைக் கொண்டு சுவாசித்து ஐதரசன் சல்பைட்டை வெளியிடும். சேற்றை மிதித்தால் கிளம்பும் கூமுட்டை நாற்றம் அதுதான். தாமரைக் கிழங்கின் வேருக்கும் சம்புப் புல்லின் வேருக்கும் அது நஞ்சு. அதோடு நிற்பதில்லை. சேற்றில் பொசுபேற்றைப் பிடித்துவைத்திருந்த இரும்பை அந்தச் சல்பைட்டு தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், ஆண்டாண்டாக அடியில் பூட்டிக்கிடந்த பொசுபேற்று விடுபட்டு நீரில் கலக்கும். வயலில் ஒரு பிடி உரமும் கூடுதலாக எறியாமலே குளத்துக்கு உரம் கிடைத்துவிடுகிறது.

பலரும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளும் ஒன்றையும் சொல்லவேண்டும். உப்பு ஏறினால் கலங்கல் நீர் தெளியும். களிமண் துகள்கள் உப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படிந்துவிடுவதால் வரும் தெளிவு அது. அடி தெரிகிற நீரைப் பார்த்து ‘ஆறு நல்லாயிருக்கு’ என்று மகிழ்ந்துவிடுகிறோம். மழையும் இல்லாமல் நீர்வரத்தும் இல்லாமல் ஓர் ஓடை திடீரெனத் தெளிந்தால், முதலில் உப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆற்றுவாழையை ஒழிக்க உப்புநீர் விட்டால் என்ன என்ற யோசனையும் இப்படிப்பட்டதுதான். ஆற்றுவாழை உப்புத் தாங்காது, உண்மை. ஆனால் செத்த ஆற்றுவாழை மறைந்துவிடாது, அடியில் அமிழ்ந்து அழுகி எஞ்சியிருக்கும் ஒட்சிசனையும் உறிஞ்சும். மேலே பச்சை விரிப்பு போய்விட்டதென்று நாம் நிம்மதி அடையும் வாரத்திலேயே மீன் செத்து மிதக்கலாம். அள்ளிக் கரையேற்றுவது செலவான வேலை, இருந்தும் அதற்கு மாற்று இல்லை.

ஏறும் உப்பு எல்லாவற்றையும் அழிப்பதில்லை. சிலவற்றை வாழவைக்கிறது, வாழவைப்பவை எவை என்று பார்த்தால் கவலைதான் கூடுகிறது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா கடல்நீரிலும் பிழைக்கும், இனமும் பெருக்கும். உள்நாட்டுக் கெண்டைகள் பின்வாங்கும் நீரில் அது தனிக்காட்டு ராசா. கூடையில் மீன் இருக்கும், மீன்வகை சுருங்கியிருக்கும். நுளம்பும் அப்படியே. டெங்கு பரப்பும் நுளம்புகள் நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வொன்றில், இலங்கையின் கரையோர நகர்ப்புறங்களில் கைவிடப்பட்ட படகுகளிலும் எறிந்த கொள்கலன்களிலும் லீற்றருக்கு 15 கிராம் வரை உப்பிருந்த நீரில் அவற்றின் குடம்பிகள் கண்டறியப்பட்டன. அந்தக் குடம்பிகளைத் தின்னும் நன்னீர் உயிர்கள் பலவற்றுக்கு அந்த உப்பு ஆகாது. டெங்கு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போகிறவர்கள் கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் தோணியையும் பார்க்கவேண்டியது இதனால்தான்.

போலந்து, ஜேர்மனி எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றில் 2022 கோடையில் நடந்தது இதன் உச்ச வடிவம். சுரங்கக் கழிவோடு வந்த உப்பு, குறைந்த நீரோட்டம், கடும் வெயில் மூன்றும் சேர்ந்தபோது, உவர்நீருக்குரிய ஒரு நச்சு அல்கா நன்னீர் ஆற்றில் வெடித்துப் பெருகியது. நூற்றுக்கணக்கான தொன் மீன்கள் செத்தன. நம் பக்கம் சுரங்கம் இல்லை. குறைந்த நீரோட்டமும் வெயிலும் உப்பும் உண்டு.

நிலத்தடியிலும் இதே இழுபறிதான். எழுவான்கரை மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு வில்லைபோல் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றருக்கு அது கடலை அழுத்திப் பிடிக்கும் என்பது பழைய விதி. அதையே திருப்பினால், நீர் இறைத்து மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் இறக்கினால் காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நான்கு மீற்றர் ஏறலாம். 2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு இது கண்கூடாகத் தெரிந்தது. நாடெங்கும் சுமார் 40,000 குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது கெட்டன. உப்பை வெளியேற்ற அவசர அவசரமாகத் திரும்பத் திரும்ப இறைத்தது பல இடங்களில் பயன்தராது, நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று நிலத்தடிநீர் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். கிணறுகளை மீட்டதில் பெரும்பங்கு அடுத்தடுத்த மாரி மழைக்கே உரியது. கரையோரத்துச் சிறு மடுக்களும் தாமரைக் குளங்களும் அந்த வில்லையிலிருந்து கசியும் நீரைக் குடித்தே கோடையைக் கடக்கின்றன. ஒரு வளவில் ஆழ்குழாய்க் கிணறு இரவு பகலாக ஓடினால், அதன் விலையைப் பக்கத்து மடுவின் மீனும் கொடுக்கிறது.

வயலுக்கு வரும் சேதம் நம் விவசாயிகள் கையால் தொட்டு அறிந்தது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்கரைசலின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினால் நெல் விளைச்சல் சரியத் தொடங்கும், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 வீதம் குறையும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் மிக மென்மையானவை. ஏ.டி. 354 போன்ற உவர் தாங்கும் இனங்கள் உண்டு, அவை வட்டையைக் காக்கும். வட்டைக்கு நீர் தரும் ஓடையில் வாழ்வனவற்றுக்கு அப்படி மாற்று இனம் இல்லை.

காரணங்களில் கடல் மட்ட உயர்வைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல் மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது, அதில் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம். அது மெய். ஆனால் அதைத் தடுக்க மட்டக்களப்பில் இருந்துகொண்டு நாம் செய்யக்கூடியது கொஞ்சம். ஆற்றுமணல் அள்ளுவது அப்படியல்ல. ஆற்றின் அடியை ஒரு மீற்றர் தோண்டுவது, அந்த இடத்தில் கடல் மட்டத்தை ஒரு மீற்றர் உயர்த்துவதற்குச் சமமான விளைவைத் தரும். 3.7 மில்லிமீற்றர் வீதம் கடல் அதைச் செய்ய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். மணல் இயந்திரம் ஒரு கோடைக்குள் முடித்துவிடும். அடி தாழ்ந்த ஆற்றில் உப்பு ஆப்பு முன்பு நின்ற இடத்தைத் தாண்டி மேலே போகும், பள்ளங்களில் தேங்கி அடுத்த வெள்ளம்வரை அங்கேயே கிடக்கும். மணல் அகழ்வு பற்றிய நம் சண்டைகள் பெரும்பாலும் கரை இடிவதையும் பாலம் ஆடுவதையும் பற்றியவை. உப்பைப் பற்றியும் அவை இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உவர்நீர் இறால் குளங்களைக் குடிமனைக்கும் வட்டைக்கும் அருகில் வெட்ட அனுமதி கேட்கும்போதும், கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வியோடு, குளத்தின் அடியால் எவ்வளவு கசியும் என்றும் கேட்கவேண்டும்.

மீளுமா என்றால், பெரும்பாலும் மீளும். ஒரு நல்ல மாரி உப்பைக் கழுவித் தள்ளிவிடும். நீர்த்தெள்ளு கெட்ட காலம் வரும்போது தடித்த ஓடுள்ள உறங்கும் முட்டைகளைச் சேற்றில் விட்டுச்செல்லும். ஆண்டுகள் கழித்தும் நல்ல நீர் வந்தால் அவை பொரிக்கும். நத்தைகளும் மட்டிகளும் அவ்வளவு விரைவில் திரும்பா. எங்கோ உப்பேறாமல் தப்பிய ஒரு மடுவோ மேல்வாய்க்காலோ அருகில் இருந்தால்தான், அங்கிருந்து அவை மெல்லப் பரவி வரமுடியும். அப்படிப்பட்ட மேட்டுப் பள்ளங்களை நிரப்பி வளவாக்கும்போது, கீழே உள்ள குளத்துக்கான விதையையும் சேர்த்துப் புதைக்கிறோம்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்று போதும். நல்ல குளத்து நீரில் அது சென்ரிமீற்றருக்குச் சில நூறு மைக்குரோசீமன்ஸ் காட்டும், கடலில் 50,000க்கு மேல். ஓர் ஓடையின் வழக்கமான எண்ணைவிட 400 கூடினால், அதற்குக் கடலுப்பே காரணமாயின், ஏறக்குறைய அந்த 120 மில்லிகிராம் குளோரைட்டு வந்துவிட்டது என்று கொள்ளலாம். மேல்நீரை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். போத்தலில் கல் கட்டி, மூடியில் நூல் கட்டி, அடியில் இறக்கித் திறந்து எடுத்த நீரையும் அளக்கவேண்டும். வாய் வெட்டுவதற்கு முன் ஒருமுறை, வெட்டியபின் வாரமொருமுறை, புரட்டாசியில் முதல் மழைக்கு முன் ஒருமுறை என்று ஒரே இடங்களில் எடுத்த எண்கள் ஒரு கொப்பியில் இருந்தால், பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நீர்மட்டத்தோடு அதையும் வைத்துப் பேசலாம். வாயை எவ்வளவு ஆழம் வெட்டுவது, எந்த வாரத்தில் மணல்மூட்டை போட்டு மூடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் விவசாயியும் மீனவரும் அதிகாரியும் அந்தக் கொப்பியைப் பார்த்தே வாதிடலாம்.